மூல காரணம்

மாதக் கடைசியின் ஒரு நள்ளிரவில், நான் எழுதிய சம்பளப் பட்டியல் புரோகிராம் பாதியில் நின்றுவிட்டதென்று தொலைபேசியில் செய்தி வர, உறக்கம் கலையாத கண்களோடு லாகைத் திறந்து பார்த்தேன். 'பட்டியல் தயாரிக்க இயலவில்லை: நல்' என்ற வரியையும், என்னுடைய கேட்ச் பகுதியையே சுட்டி நின்ற ஸ்டாக் ட்ரேஸையும் தவிர, அது வேறெதையும் சொல்லச் சித்தமாக இல்லை. தமிழில் நன்மையைக் குறிக்கும் சொல் எங்கள் தொழிலில் வெறுமையைக் குறிப்பது விசித்திரந்தான்.

குற்றவாளி நானே. ஆழத்தில் எங்கோ எழுந்த நல் பாயின்ட்டர் எக்ஸெப்ஷனைப் பிடித்து, மேலடுக்குக்குப் புரியும் பெயரோடு வேறொன்றாக எறிய வேண்டுமென்ற நியாயமான எண்ணத்தில், புதியதற்குப் பழையதன் வாசகத்தை மட்டும் கொடுத்துவிட்டு மூலத்தைக் கைவிட்டிருந்தேன். மனுவைக் கிழித்தெறிந்துவிட்டு, அதன் சுருக்கத்தைத் தன் கைப்பட எழுதி மேலிடத்துக்கு அனுப்பும் குமாஸ்தாவின் காரியம் இது. அந்நாளைய ஜாவாவிலோ அவ்வகை எக்ஸெப்ஷன், தானாக எழும்போது, வாசகம் ஏதுமின்றியே பிறந்தது. அதன் விருத்தாந்தமெல்லாம் ஸ்டாக் ட்ரேஸில்தான் இருந்தது; அந்த ட்ரேஸ், எக்ஸெப்ஷன் எறியப்படும் கணத்தில் அல்லாமல் சிருஷ்டிக்கப்படும் கணத்திலேயே பதிவாவதால், பிடித்ததையே திரும்ப எறிந்தால் ஜன்மஸ்தானம் அழியாது, புதியதை உண்டாக்கினாலோ கதை அங்கிருந்தே தொடங்கிவிடும். இந்த நஷ்டத்தைத் தவிர்க்கவே, 2002இல் வந்த 1.4 பதிப்பு, புதியதோடு மூல காரணத்தையும் பிணைத்தனுப்ப வழி செய்தது. அதற்குரிய கன்ஸ்ட்ரக்டரை என் கிளாஸில் எழுதிவைத்திருந்தும் உபயோகிக்கச் சோம்பியிருந்தேன்.

இதற்கு நேர்மாறான அபசாரமும் உண்டு. ஒவ்வோர் அடுக்கும் பிடித்து, லாகில் எழுதி, பிறகு மேலே எறிய, ஒரே விபத்து மூன்று விபத்துகளாகத் தோன்றிப் பார்ப்பவனைத் திகைக்க வைக்கும். பரிகாரமும் செய்ய முடியாமல், விளக்கமும் சேர்க்க இயலாமல் இருக்கும் அடுக்கு, பிடிக்காமலே விட்டுவிடுவதுதான் உத்தமம் என்பது என் அபிப்பிராயம். ஃபைனலி பகுதியில் ரிட்டர்ன் எழுதுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேலே போகவேண்டிய எக்ஸெப்ஷனை அது சத்தமின்றி விழுங்கிவிடும்.

மறுநாள், திருத்திய புரோகிராமை ஓட்டியபோது அது மறுபடியும் நின்றது. ஆனால் இம்முறை 'காஸ்ட் பை' என்று தொடங்கிய வரிகள், பணியில் சேர்ந்த தேதியைப் படிக்கும் இடத்தை வரி எண்ணோடு காட்டின. தேடிப் பார்த்தால், ஒரே ஓர் ஊழியருக்கு அந்தத் தேதி நிரப்பப்படாமல் இருந்தது. முந்தைய இரவு முழுவதும் கண்விழித்தும் அகப்படாத அதைக் காட்டிக்கொடுக்க நான் சேர்த்தது, ஒரு காற்புள்ளியும் 'ஈ' என்ற ஓரெழுத்தும்.