பதினைந்து நிமிடம்

அன்று மதியம் 3 மணிக்குக் கைப்பேசியை எடுத்துப் பார்த்தபோது அம்மாவிடமிருந்து நான்கு தவறிய அழைப்புகள். நான்கும் பத்து நிமிடத்துக்குள் வந்தவை. அலுவலகத்தில் கலந்துரையாடல் நடந்துகொண்டிருந்ததால் ஒலியை அடக்கி வைத்திருந்தேன். எங்கள் வீட்டுக் கணக்குப்படி நான்கு அழைப்பு என்றால் யாரோ மருத்துவமனையில் இருக்கிறார்கள். படிக்கட்டுப் பக்கம் ஓடிப்போய்த் திரும்ப அழைத்தேன்.

“ஒன்னும் இல்லய்யா. பணம் கட்டிட்டேன்,” என்றார்.

“என்ன பணம்மா?”

தம்பிக்கு இந்த வருடம் எஸ்.பி.எம். கூடுதல் கணிதம் அவனுக்கு எட்டிக்காய். புலனக் குழுவில் யாரோ அனுப்பிய இணைப்பை அம்மா தொட்டிருக்கிறார். இணையவழி டியூஷன். ஆறு மாதத்துக்கு 1,299 ரிங்கிட், இப்போது கட்டினால் 499.

“பதினஞ்சு நிமிஷத்துல கட்டலன்னா பழைய வெலைக்குப் போயிருமாம். மேலயே மணி ஓடுது. உன்ன ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கட்டலாம்னு போன் அடிச்சேன். நீ எடுக்கல. ரெண்டு நிமிஷம் இருக்கறப்ப கட்டிட்டேன். சரிதானே?”

“சரிதாம்மா,” என்றேன். இணைப்பை எனக்கு அனுப்பச் சொன்னேன்.

அம்மா வீட்டில் ரவிக்கை தைக்கிறார். சாதாரண ரவிக்கைக்கு 35 வெள்ளி. 499 என்பது பதினான்கு ரவிக்கைக்கும் கொஞ்சம் மேலே. இணைப்பு வந்தது. தொட்டேன். பக்கத்தின் உச்சியில் சிவப்புப் பட்டையில் 15:00. பிறகு 14:59. அம்மாவுக்கு ஓடி முடிந்துவிட்ட அதே மணி, எனக்காக முதலிலிருந்து ஓடத் தொடங்கியிருந்தது.

எனக்கு ஆச்சரியமே இல்லை. ஏனென்றால் அந்த மணியைச் செய்வதுதான் என் வேலை.

அம்மா பார்த்த பக்கத்தை நான் செய்யவில்லை. ஆனால் செய்திருக்கலாம். நாங்கள் ஆறு பேர் கொண்ட சின்ன நிறுவனம். விற்பனைப் பக்கங்கள் கட்டித் தருகிறோம். முகப்பூச்சு, முதலீட்டு வகுப்பு, குழந்தைகளுக்கான சத்து மாவு என்று பொருள் மாறிக்கொண்டே இருக்கும். பக்கம் மாறாது. மேலே ஒரு பயம், நடுவில் ஒரு நம்பிக்கை, கீழே ஒரு பட்டன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மணி.

இந்த மணியில் இரண்டு சாதி உண்டு. முதலாவது நிஜமான கெடு. ‘ஞாயிறு இரவு 11.59க்கு விண்ணப்பம் முடிகிறது’ என்றால் அந்த நேரம் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. ஈப்போவில் பார்ப்பவருக்கும் ஜொகூரில் பார்ப்பவருக்கும் ஒரே நேரம்தான் மீதி காட்டும். முடிந்தால் முடிந்தது. விமான டிக்கெட் எடுக்கும்போது ‘உங்கள் இருக்கையைப் பத்து நிமிடம் பிடித்து வைத்திருக்கிறோம்’ என்று வருவதும், வங்கி அனுப்பும் ஒருமுறை எண் சில நிமிடங்களில் செத்துப்போவதும் இந்த வகையில்தான் சேரும். அந்த அவசரத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது.

இரண்டாவது, நீங்கள் உள்ளே நுழைந்த கணத்தில் உங்களுக்காக மட்டும் பிறக்கும் மணி. உங்கள் பிரௌசரிலேயே ஒரு குக்கியில் ‘இவர் இத்தனை மணிக்கு வந்தார்’ என்று குறித்து வைத்துவிடுவோம். அதிலிருந்து 15 நிமிடம் கழியும். குக்கியை அழித்தாலோ, வேறு கைப்பேசியில் திறந்தாலோ, மறைநிலைச் சாளரத்தில் திறந்தாலோ மறுபடியும் 15:00. தொழிலில் இதற்குப் பெயர் ‘எவர்கிரீன்’ டைமர். என்றும் பசுமையானது. வாடவே வாடாது. நேர்மையாகச் செய்தால், நேரம் முடிந்தவருக்கு உண்மையிலேயே விலை ஏறவேண்டும். எங்களிடம் வரும் வாடிக்கையாளர்களில் பலர் அதைக் கேட்பதே இல்லை. ஏறிய விலையில் யார் வாங்குவார்கள்? அதனால் மணி பூஜ்யத்துக்கு வந்தபின், பக்கம் ஒன்றும் நடக்காததுபோல் அதே 499ஐக் காட்டிக்கொண்டு நிற்கும்.

மணி இல்லாத வித்தை ஒன்றும் உண்டு. ஒரு காணொளி ஓடும். விலை எங்கேயும் இருக்காது. 23ஆவது நிமிடத்தில் பேசுகிறவர் ‘கீழே ஒரு பட்டன் தெரியும்’ என்பார், சரியாக அப்போது பட்டன் முளைக்கும். அது ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருக்கிறது. காட்டாதே என்று ஒரு வரி, இத்தனை மில்லிவிநாடி கழித்துக் காட்டு என்று ஒரு வரி. 23 நிமிடம் என்றால் 1,380,000. 15 நிமிடம் என்றால் 900,000. இந்த எண்கள் எனக்கு வாய்ப்பாடு மாதிரி. தெரிந்தே மறைத்து வைத்த விலையைத் தேடி ஒருவர் 23 நிமிடம் உட்கார்ந்திருப்பார். அவ்வளவு நேரம் கொடுத்தபின் வெறுங்கையோடு எழுந்து போக அவருக்கே மனம் வராது. அதுதான் கணக்கு.

நாங்கள் மட்டும் செய்கிற வேலையில்லை இது. 2019இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் ஏறக்குறைய 11,000 கடைத் தளங்களைக் கணினி நிரலை விட்டுத் துழாவினார்கள். வாங்குபவரைத் திசைதிருப்பும் வடிவமைப்புகள் 1,818 கிடைத்தன. முடிந்தபின் தானே திரும்பத் தொடங்கும் மணிகளும் அதில் உண்டு. இப்படிப்பட்ட வடிவமைப்புகளுக்கு ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010இலேயே ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர் வைத்துவிட்டார். இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன். படித்துவிட்டுத்தான் 900,000 என்று தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். வேறு யாரோ ஒருவருக்கு நடப்பதாகத்தான் மனம் எடுத்துக்கொள்கிறது.

அன்று மாலை ரயிலில் கிள்ளானுக்குப் போகும்போது ஒன்று உறுத்தியது. அம்மா ஏமாளி கிடையாது. கடைக்காரர்கள் அவரைப் பார்த்தால் பெருமூச்சு விடுவார்கள்.

தீபாவளிக்கு முதல் நாள் இரவு ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். எட்டு மணிக்குக் கேட்டால் ஒரு விலை, பதினோரு மணிக்குக் கேட்டால் வேறு விலை. கூடாரத்தை அவிழ்க்க வேண்டும், மிச்சத்தைக் காடியில் ஏற்ற வேண்டும், நாளைக்கு இந்த ஜிப்பாவை யாரும் வாங்கப் போவதில்லை. அங்கேயும் மணி ஓடுகிறது. ஆனால் அது கடைக்காரர் நெஞ்சில் ஓடுகிறது. அம்மாவுக்கு அது தெரியும். சிறுவயதில் எங்களைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவை மூன்று சுற்று சுற்றுவார். “இப்பக் கேக்காத. நடந்துக்கிட்டே இரு.” கால் வலிக்கும். கடைசிச் சுற்றில் ஒரு கடை முன்னால் நின்று, வாங்கும் எண்ணமே இல்லாதவர்போல் துணியைத் தொட்டுப் பார்ப்பார். எங்கள் தீபாவளி உடுப்புகள் எல்லாம் அந்த மூன்றாவது சுற்றில் வாங்கியவைதான்.

காத்திருப்பது அம்மாவின் ஆயுதம். அந்தத் தெருவில் நேரம் போகப் போக அவர் கை ஓங்கும். சிவப்புப் பட்டை செய்த வேலை அதைத் தலைகீழாக்கியதுதான். காத்திருந்தால் விலை ஏறும் என்றது. மூன்று சுற்று சுற்றத் தெரிந்தவருக்குச் சுற்றுவதற்குத் தெருவே இல்லாமல் செய்துவிட்டது.

கெடு என்றால் என்னவென்று அவருக்குச் சொல்லித் தரவேண்டியதுமில்லை. ஐப்பசி பிறந்தால் வீட்டு வரவேற்பறையில் துணி மலைபோல் கிடக்கும். வியாழக்கிழமை என்று சொன்னது சனிக்கிழமை ஆகும். ஆண்டிகள் வந்து உட்கார்ந்துகொண்டு சண்டை போடுவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், பட்டனாவது நாங்கள் தைக்கிறோம் கொடுங்கள் என்பார்கள். ஆனால் தீபாவளிக்கு முந்தைய இரவுக்குள் எல்லா ரவிக்கையும் போய்விடும். அந்தக் கெடுவோடு விளையாட முடியாது. அவர் பார்த்த கெடுக்கள் எல்லாம் ஒன்று, பேசி நகர்த்தக்கூடியவை. இல்லையென்றால் உண்மையானவை. பேசவும் முடியாத, உண்மையும் இல்லாத ஒரு கெடுவை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். மலாய் நன்றாகப் பேசுவார், வாசிப்பது மெதுவாகத்தான். ஒரு விரலை வரியின் கீழே வைத்து நகர்த்துவார். அந்தப் பக்கம் முழுவதும் மலாய். அதை அவர் வேகத்தில் வாசித்து முடிக்கவே 15 நிமிடம் போதாது. இணையத்தின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை வழிகாட்டியில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. 2008 பதிப்பிலிருந்தே உண்டு. பக்கம் நேரக்கெடு வைத்தால், அதை அணைக்கவோ, மாற்றவோ, நீட்டிக்கவோ பயனருக்கு வழி இருக்கவேண்டும். ஏலம்போல உண்மையாகவே நேரத்தோடு கட்டுண்டவற்றுக்கு விலக்கு உண்டு. பார்வைக் குறைவு உள்ளவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், மெதுவாக வாசிப்பவர்கள் எல்லாரையும் மனதில் வைத்து எழுதியது. மெதுவாக வாசிப்பவர்கள் என்ற இடத்தில் இதுவரை எனக்கு ஒரு முகம் இருந்ததில்லை.

வீட்டுக்குப் போனபோது அம்மா தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்தார். தம்பி வகுப்பின் முதல் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். “பரவால்ல ப்ரோ, நல்லாத்தான் சொல்லிக் கொடுக்கறாங்க,” என்றான். அது வேறு தொல்லை. பாடம் கேவலமாக இருந்திருந்தால் எனக்குக் கோபப்படச் சுலபமாக இருந்திருக்கும்.

சொல்லலாமா வேண்டாமா என்று சாப்பிடும்வரை யோசித்தேன். பிறகு என் கைப்பேசியில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இது மத்தியானம் நீங்க பாத்ததுதானே?”

மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். 14:52. “இன்னும் முடியலயா?”

“முடியாதும்மா. எப்பத் தொறந்தாலும் பதினஞ்சு நிமிஷம்தான். நாளைக்கும் 499தான் இருக்கும்.”

மணி ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விற்பனையைத் தடுக்கிறது, 5 ரிங்கிட் கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முறையிடலாம் என்றெல்லாம் சொல்லத் தயாராக வைத்திருந்தேன்.

“அப்ப நீ வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் இருந்திருக்கலாம்,” என்றார். “உன்னக் கேட்டுட்டே கட்டியிருக்கலாம்.”

அவ்வளவுதான். நூலைக் கடித்து அறுத்துவிட்டு அடுத்த ரவிக்கையை எடுத்தார். பணத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. கேட்டாலும் நான் அநேகமாகக் கட்டச் சொல்லியிருப்பேன். தம்பிக்கு அது தேவைதான். ஆனால் கேட்கவேண்டும் என்று அவர் நினைத்தார். பெரிய செலவுக்கு முன் மகனிடம் ஒரு வார்த்தை, பக்கத்து வீட்டு ஆண்டியிடம் ஒரு வார்த்தை. அந்த 900,000 மில்லிவிநாடியின் வேலை அந்த ஒரு வார்த்தைக்கு இடம் விடாமல் பார்த்துக்கொள்வது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பணம் பிறகு தானாக வந்துவிடும்.

“இந்த மாதிரி நீயும் செய்வியா?” என்று தம்பிதான் கேட்டான்.

“செய்வேன்.”

அம்மா நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இயந்திரத்தை ஓட்டினார்.

மறுநாள் பாஸிடம் பேசினேன். மணி வைக்கலாம், ஆனால் நிஜமான தேதியை வைப்போம், முடிந்தால் உண்மையிலேயே மூடுவோம் என்றேன். “ஐடியா நல்லா இருக்குலா. கிளையண்ட்கிட்ட நீயே சொல்லு,” என்றார். சொன்னேன். இரண்டு பேர் மறுத்துவிட்டார்கள். கேக் வகுப்பு நடத்தும் ஒரு மலாய்க்கார அம்மா மட்டும் சரி என்றார். அவருக்கு அடுப்பு ஆறுதான், அதற்கு மேல் ஆள் எடுக்க முடியாது. வெள்ளிக்கிழமை இரவு பக்கத்தை மூடினோம். சனிக்கிழமை காலை மூன்று பேர் கேட்டு எழுதியிருந்தார்கள். அடுத்த மாதம் வரச் சொன்னார். வருத்தம்தான் அவருக்கு, மூன்று பேரின் கட்டணம் சின்னத் தொகை இல்லை.

மறுத்த இருவரில் ஒருவரின் பக்கத்தை அதே வாரம் நான்தான் முடித்துக் கொடுத்தேன். அதில் மணி இருக்கிறது. வாடகை கட்டவேண்டும், தம்பி மேலே படிக்கவேண்டும். இந்தக் கட்டுரையை எழுதுவதால் என் கை சுத்தமாகிவிடாது.

ஒன்று மட்டும் சொல்லமுடியும். சிவப்புப் பட்டையில் மணி ஓடினால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, மறைநிலைச் சாளரத்தில் திரும்பத் திறந்து பாருங்கள். அல்லது நண்பரின் கைப்பேசியில் திறக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் ஒரே நேரம் மீதி இருந்தால் அது கெடுவாக இருக்கலாம். இல்லையென்றால் எழுந்துபோய் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடியுங்கள். யாரையாவது கேளுங்கள்.

அம்மாவின் எண்ணுக்கு இப்போது தனி அழைப்பொலி வைத்திருக்கிறேன். கலந்துரையாடல் அறையிலும் அது அடங்காது. போன வாரம் முகப்பூச்சுக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது அடித்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எடுத்தேன்.

“மீன் வாங்கட்டுமா, கோழி வாங்கட்டுமா?” என்றார்.