கண்ணாடிக் கதவும் அப்பாயியும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலையே காட்டல. ஊர்ல வீடு கட்டிக்கிட்டு இருக்கோம். 'வீட்டைக் கட்டிப் பார்'னு பெரியவங்க சும்மா சொல்லி வைக்கல மக்களே. பேங்க் லோன், சிமெண்ட் விலை எல்லாத்தையும் பத்தி தனியா ஒரு ஒப்பாரிப் பதிவு போடலாம். இது கதவைப் பத்தி மட்டும்.

நமக்கு சொந்த ஊர் குன்னம், பெரம்பலூர் மாவட்டம். எங்க ஊர்ல ஸ்விம்மிங் பூல்னா பம்ப்செட் தொட்டிதான். எங்க கொல்லையிலயும் ஒண்ணு இருக்கு. புது வீடு அந்தத் தொட்டிக்கு முப்பது அடி தள்ளி வருது. வீட்டோட மேற்குப் பக்கம் முழுசும் தள்ளுகிற கண்ணாடிக் கதவு, அதைத் திறந்தா நேரா தொட்டி... இதான் நம்ம கனவு :-)

இந்தக் கிறுக்கு பிடிச்சது இலங்கையில. மூணு வருஷம் முன்னாடி நண்பர்களோட தம்புள்ளை பக்கம் கண்டலம ஹோட்டலைப் பார்க்கப் போனேன். ஜெஃப்ரி பாவா வடிவமைச்சு 1994-ல் திறந்தது. குகை மாதிரி வாசல்ல நுழைஞ்சு நடந்து போனா, எதிர்ல நீச்சல் குளம், அதுக்கு அந்தாண்ட ஏரி. குளம் எங்க முடியுது, ஏரி எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. அப்படியே நின்னுட்டேன். ஊருக்கு வந்ததும் பிளான்ல கண்ணாடியைப் போட்டாச்சு. அப்பா எதுவும் சொல்லல. காசு நான்தானே போடுறேன்.

போன மாசம் திருச்சியில பெரியப்பா பையன் வீட்டுக்குப் பால் காய்ச்சினாங்க. பின்பக்கம் தோட்டத்தைப் பார்த்த மாதிரி பெரிய கண்ணாடிக் கதவு, பளபளன்னு துடைச்சு வச்சிருந்தாங்க. அப்பாயிக்கு எண்பது தாண்டிடுச்சு, ஒரு கண்ணுல புரை. வெத்தலை துப்பறதுக்கு விறுவிறுன்னு தோட்டத்துப் பக்கம் போச்சு. டம்முனு ஒரு சத்தம். நெத்தி புடைச்சு, மூக்குல ரத்தம். கூட்டத்துல யாரோ சிரிச்சிட்டாங்க. அப்பாயி முந்தானையால மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, "வெறும் வெளிச்சம்னு நெனச்சேன் சாமி"ன்னு என்னைப் பார்த்து சொல்லுச்சு.

திரும்பி வர்றப்ப பஸ்ல அப்பா ஜன்னலைப் பார்த்துக்கிட்டே சொன்னார். "இனிமே நம்ம வீட்லயும் அம்மா கையால தடவித் தடவித்தான் நடக்கணும் போல."

நான் ஒண்ணும் பேசல. என்ன பேசுறது?

அதுக்கப்புறம்தான் உருப்படியா விசாரிச்சேன். டஃபண்ட் கண்ணாடி சாதாரண கண்ணாடியை விட நாலஞ்சு மடங்கு பலம், உடைஞ்சாலும் கத்தி மாதிரி இல்லாம கல்கண்டு மாதிரி சிதறும். ஆனா 600 டிகிரிக்கு மேல சூடாக்கி சட்டுனு குளிர வச்சு செய்யறதால, அப்புறம் அதை வெட்டவோ துளை போடவோ முடியாது. அளவு தப்பினா மொத்தமும் தண்டம். எங்க மேஸ்திரி அதுக்கும் மேல ஒரு குண்டு போட்டார். "தம்பி, இது கரிசல். மழையில உப்பும், கோடையில வெடிக்கும். அஸ்திவாரத்துல கரிசலைத் தோண்டி எடுத்து கிராவல் போட்டு இறுக்கலைன்னா, சட்டம் ரெண்டு நூல் சாஞ்சாலும் உங்க கதவு நகராது."

வெயில் இன்னொரு கதை. கண்ணாடி வெயிலை உள்ள விடும், தரை சூடாகி வெளியே அனுப்புற வெப்பத்தை மட்டும் மறிச்சுக்கும். மேற்குப் பார்த்து, அதுவும் எங்க ஊர் சித்திரையில! வீடு இல்ல, இட்லி குண்டான்.

அப்போதான் கண்டலமவை மறுபடி யோசிச்சேன். என்னைக் கவுத்தது கண்ணாடியே இல்ல. நான் நின்ன அந்த வரவேற்புக் கூடத்துல கதவே கிடையாது. மேல கூரை, கீழ நிழல், அவ்வளவுதான். கொழும்புல 1960-களோட தொடக்கத்துல ஈனா டி சில்வாவுக்கு பாவா கட்டின வீட்டுலயும் நடுவுல முற்றம், சுத்தி தாழ்வாரம். அட, இடிச்சுப் போட்ட எங்க பழைய வீடும் அதானே! திண்ணையில அப்பாயி உக்காந்திருக்கும், தெருவுல போற சனமெல்லாம் "என்ன ஆயா, சாப்டியா"ன்னு கேட்டுட்டுப் போகும். உள்ளயும் வெளியவும் ஒட்ட வச்சிருந்தது கதவில்ல, அந்தத் திண்ணைதான். நான் இடிச்சது அதைத்தான்.

பிளானை மாத்தியாச்சு. கண்ணாடிக் கதவு இருக்கு, ஆனா ரெண்டே ரெண்டு. இடுப்பு உயரத்துல குறுக்கே தேக்குச் சட்டம், கண்ணு உயரத்துல கோலம் மாதிரி ஸ்டிக்கர். வெளிய எட்டடி தாழ்வாரம், சாயங்கால வெயிலுக்கு மூங்கில் தட்டி. அக்கா பையனுக்கு மூணு வயசு, அதனால தொட்டிப் பக்கக் கதவுக்கு தாழ்ப்பாள் அஞ்சடி உயரத்துல. வாசல் பக்கம் பழைய நீளத்துக்கே திண்ணை. பூச்சு வேலை முடிஞ்சு, சட்டத்தை நிறுத்தி அளவெடுத்த பிறகுதான் கண்ணாடிக்கு ஆர்டர்.

போன ஞாயிறு போயிருந்தேன். திண்ணை இன்னும் பூசாத செங்கல்லாத்தான் நிக்குது. அப்பாயி அதுக்குள்ள சாக்கை விரிச்சு உக்காந்துடுச்சு. நெத்தியில வீக்கம் வத்திப் போச்சு. பின்பக்கம் வெறும் ஓட்டை, தொட்டித் தண்ணி நல்லா தெரியுது. "கதவு எப்ப சாமி வரும்?"னு கேட்டுச்சு.

"வரும் அப்பாயி, மெதுவா வரட்டும்"னேன்.

வீட்டுல கண்ணாடிக் கதவு போட்டு அனுபவப்பட்டவங்க யாராச்சும் இருந்தா சொல்லிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்.