365 படிகளில் ஒரு வருஷம்... புத்தாண்டுக்கு மலையேறும் பொதட்டூர்பேட்டை!

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் எல்லா வீடுகளிலும் இரண்டு கேள்விகள் எழும். 'இந்த வருஷம் என்னதான் செஞ்சோம்?' என்பது ஒன்று. 'லீவுக்கு எங்கே போறோம்?' என்பது இன்னொன்று. பொதட்டூர்பேட்டையில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: திருத்தணி மலை.

திருவள்ளூர் மாவட்டம், பள்ளிப்பட்டு தாலுகாவில் ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது பொதட்டூர்பேட்டை பேரூராட்சி. திருத்தணியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஊருக்குள் நுழைந்ததும் முதலில் காதில் விழுவது தறிச் சத்தம். தெருவுக்குத் தெரு விசைத்தறிகள். பெரும்பாலும் லுங்கி. வீட்டின் முன்பக்கம் தறி, பின்பக்கம் அடுப்படி, நடுவில் பிள்ளைகளின் புத்தகப் பை என்று வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். எல்லைக்கு அந்தப் பக்கம் நகரிக்குப் போனாலும் இதே சத்தம்தான். பேச்சு மட்டும் தமிழிலிருந்து தெலுங்குக்கு மாறும். பல வீடுகளில் இரண்டும் கலந்தே ஓடும்.

லீவு என்றால் கூலி இல்லை!

மாதச் சம்பளக்காரர்களுக்கு லீவு என்பது காலண்டரில் சிவப்பு எழுத்து. தறி ஓட்டுபவர்களுக்கு அப்படியில்லை. பாவும் ஊடை நூலும் முதலாளியிடமிருந்து வரும். நெய்து கொடுத்தால் நெய்த அளவுக்குக் கூலி. தறி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். அதனால் இங்கே ஒரு குடும்பம் ஒரு நாள் வெளியூர் போகிறது என்றால், அது அம்மா, அப்பா இருவரும் கணக்குப் போட்டு எடுக்கிற முடிவு. பஸ் கட்டணம், பூஜைத் தட்டு, பிள்ளைகளுக்கு பலூன், ஐஸ்க்ரீம் எல்லாம் ஒரு பக்கம். ஓடாமல் நிற்கும் தறி இன்னொரு பக்கம்.

கொடைக்கானலும் ஊட்டியும் பல குடும்பங்களுக்கு டி.வி-யில் பார்க்கிற ஊர்கள்தான். காலையில் கிளம்பி, சாமி பார்த்து, கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை மண்டபத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடக்கூடிய சுற்றுலாத் தலம் திருத்தணி. பிள்ளைக்கு மொட்டை, காது குத்து, ஆடிக்கிருத்திகைக் காவடி என்று குடும்பத்தின் எல்லா நல்ல நாட்களும் அந்த மலையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கின்றன. நெசவுத் தொழிலில் நெடுங்காலமாக இருக்கும் செங்குந்தர்கள், முருகனின் தளபதி வீரபாகு முதலான நவவீரர்களின் வழி வந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள். அவர்களுக்கு முருகன் சாமி மட்டுமல்ல, சொந்தக்காரரும்கூட!

துரைக்குப் பதிலாக தணிகைத் துரை

திருத்தணி, முருகனின் அறுபடை வீடுகளில் ஐந்தாவது. சூரனோடு போரிட்ட முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை என்பதால் தணிகை. அதனாலேயே கந்த சஷ்டி சமயத்தில் மற்ற முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் நடக்கும்போது, இங்கே புஷ்பாஞ்சலி நடக்கிறது. கோபம் தீர்ந்த இடத்தில் போர் எதற்கு?

மலைமேல் ஏற 365 படிகள். ஒரு படிக்கு ஒரு நாள் என்பது பக்தர்களின் கணக்கு. டிசம்பர் 31 அன்று நடக்கும் திருப்படித் திருவிழா இந்தக் கணக்கை வைத்துத்தான். ஒவ்வொரு படியிலும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூப்போட்டு, கற்பூரம் காட்டி, திருப்புகழ் பாடியபடியே ஏறுவார்கள். தமிழ்நாடு மட்டுமல்லாமல் ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தும் பஜனைக் குழுக்கள் வரும். நள்ளிரவு 12 மணிக்குப் புத்தாண்டு பிறக்கும்போது சந்நிதியில் சிறப்பு பூஜை.

இந்த விழா பிறந்த கதை சுவாரஸ்யமானது. வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலம். ஜனவரி 1 வந்தால் நம் ஆட்கள் மாலையும் எலுமிச்சம்பழமுமாக வெள்ளைக்காரத் துரைகளின் பங்களா வாசலில் போய் நிற்பார்கள். வாழ்த்துச் சொல்லி, நல்ல பெயர் வாங்கிக்கொள்ளத்தான்! இதைப் பார்த்த வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள், 'துரைகளுக்கெல்லாம் பெரிய துரை தணிகை மலையில் இருக்கிறாரே, அவரைப் போய்ப் பாருங்கள்' என்ற பொருளில் சொல்லி, பக்தர்களைத் திரட்டிக்கொண்டு படியேறினார். 1917-ம் ஆண்டின் கடைசி நாளில் தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்த வழக்கம், நூறு வருஷங்களைத் தாண்டிவிட்டது. துரைகள் போய்விட்டார்கள். படிகளில் கூட்டம் மட்டும் குறையவில்லை.

எழுத்துக் கூட்டிப் படித்த சமையல்காரர்

அந்த சுவாமிகளின் வாழ்க்கையில் வாசிப்புக்கு ஒரு பெரிய இடம் உண்டு. இயற்பெயர் அர்த்தநாரி. மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர். தீராத வயிற்றுவலியோடு பழனிக்கு வந்தவர், அங்கே திருப்புகழ்ப் பாடலைக் கேட்டு மனதைப் பறிகொடுத்தார். ஆனால், பாடலைத் தானே படிக்கலாம் என்றால் எழுதப் படிக்கத் தெரியாது. வயதோ நடுவயதைத் தொட்டுக்கொண்டிருந்தது. திருப்புகழ்ப் புத்தகத்தையே அரிச்சுவடியாக வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார் என்கிறது அவரது வரலாறு. சந்தமும் சொற்கட்டும் நிறைந்த திருப்புகழைத் தமிழ் ஆசிரியர்களே மூச்சுப் பிடித்துத்தான் படிப்பார்கள். அதிலேயே எழுத்து பழகிய ஒருவர்தான் ஊர் ஊராகத் திருப்புகழைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அவர் படிப்பதற்கு அந்தப் புத்தகம் கையில் கிடைத்ததே இன்னொரு வாசகரின் உழைப்பால்தான். மாவட்ட முன்சீப்பாக இருந்த வ.த.சுப்பிரமணிய பிள்ளை, சிதம்பரம் தீட்சிதர்கள் தொடர்பான வழக்கு ஒன்றில் ஆதாரமாகக் காட்டப்பட்ட திருப்புகழ்ப் பாடலைக் கேட்டு வியந்தார். அருணகிரிநாதர் பாடியவை 16 ஆயிரம் என்பது மரபு. அச்சில் இருந்ததோ கொஞ்சம். மற்றவற்றைத் தேடிப் பிடிப்பது என்று முடிவெடுத்தார். வேலை நேரம் போக மீதி நேரத்தில், ஏட்டுச்சுவடி எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு ஊர் ஊராகத் தேடினார். 1894-ல் முதல் தொகுதி வெளிவந்தது. அவருக்குப் பிறகு வேலையை மகன் வ.சு.செங்கல்வராய பிள்ளை தோளில் ஏற்றிக்கொண்டார். திருத்தணி முருகனின் பெயர்களில் ஒன்றுதான் செங்கல்வராயன். மகனுக்குக் கிடைத்த பட்டமும் 'தணிகைமணி'. இன்று நம் கைக்குக் கிடைக்கும் 1,300-க்கும் மேற்பட்ட பாடல்கள், ஒரு குடும்பம் இரண்டு தலைமுறையாகப் படித்ததன் பலன்.

அண்ணன் கொடுத்த பழைய புத்தகங்கள்

திருத்தணியில் வாசிப்பைப் பற்றிப் பேசினால் சர்வபள்ளி ராதாகிருஷ்ணனை விட்டுவிட முடியாது. 1888 செப்டம்பர் 5-ம் தேதி இங்கே பிறந்தவர். வசதி இல்லாத குடும்பம். படிப்பு முழுக்க உதவித்தொகையில் ஓடியது. கல்லூரியில் எந்தப் பாடத்தை எடுப்பது என்ற நேரத்தில், படிப்பை முடித்திருந்த உறவுமுறை அண்ணன் ஒருவர் தன் பழைய தத்துவப் பாடப் புத்தகங்களைக் கொடுத்தார். புதுப் புத்தகம் வாங்கும் செலவு மிச்சம் என்று தத்துவமே எடுத்தார் ராதாகிருஷ்ணன். அந்தத் தத்துவம் அவரை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராகவும், 1962-ல் குடியரசுத் தலைவராகவும் ஆக்கியது. அந்த வருஷத்திலிருந்துதான் அவரது பிறந்தநாள், ஆசிரியர் தினம்.

அக்காவின் நோட்ஸ், அண்ணனின் கைடு, பக்கத்து வீட்டுப் பையனின் பழைய பாடப் புத்தகம்... பொதட்டூர்பேட்டையின் தறி வீடுகளிலும் பல பிள்ளைகள் இப்படித்தான் படித்து மேலே வருகிறார்கள். தறிச் சத்தத்துக்கு நடுவே மனப்பாடம் செய்து பழகியவர்களுக்குத் தேர்வறையின் அமைதிதான் புதுசாக இருக்கும்!

ராத்திரி வகுப்பும் எல்லைப் போரும்

இந்தப் பகுதியில் தமிழ் படிப்பதே ஒரு காலத்தில் போராட்டமாக இருந்தது. அன்று திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தமிழ் பேசும் பிள்ளைகளுக்குத் தமிழில் படிக்கப் போதிய வசதி இல்லாத நிலையில், மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர் அறநெறித் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கி, ஊர் ஊராகப் போய் இலவசமாகத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். பகலில் உழைத்தவர்கள் இரவில் உட்கார்ந்து இலக்கணமும் குறளும் படித்தார்கள்.

1953-ல் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. அதை மீட்க ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் வரலாறு. மங்கலங்கிழார் 1953-லேயே மறைந்துவிட்டார். படாஸ்கர் பரிந்துரைத்த எல்லையின்படி 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தான் வகுப்பெடுத்த மண் திரும்பி வந்ததை அந்த ஆசிரியர் பார்க்கவில்லை. கூட்டமும் கோஷமும் நினைவில் நிற்கின்றன. அதற்கு முன்பே சிம்னி விளக்கில் நடந்த வகுப்புகளைப் பிள்ளைகளுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

டிசம்பர் 31 வைராக்கியம்

பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம், புராண வைராக்கியம் என்று பெரியவர்கள் மூன்று சொல்வார்கள். எதுவும் நிலைக்காது என்பது கேலி. இன்று நான்காவதாக 'டிசம்பர் 31 வைராக்கிய'த்தைச் சேர்த்துக்கொள்ளலாம். 'காலையில் நடைப்பயிற்சி', 'வாரம் ஒரு புத்தகம்', 'சாப்பாட்டு நேரத்தில் போன் கிடையாது' எல்லாம் பொங்கலுக்குள் காணாமல் போய்விடும். ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சியில் பை நிறைய வாங்கிய புத்தகங்கள் அட்டை பிரியாமல் அடுத்த டிசம்பர் வரை அலமாரியில் இருக்கும்.

திருப்படித் திருவிழா இந்த இடத்தில் ஒரு வழி காட்டுகிறது. அங்கே யாரும் 365 படிகளையும் ஒரே மூச்சில் ஏறுவதில்லை. ஒரு படி, ஒரு பாட்டு. முடிந்ததும் அடுத்த படி. வேகமாக ஏறினால் சில நிமிடங்களில் முடிகிற தூரத்துக்கு ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்கிறார்கள். சமையல்காரர் ஒரு நாளைக்குச் சில வரிகள் என்று எழுத்துக் கூட்டியதும், முன்சீப் ஒவ்வொரு சுவடியாகத் தேடியதும் இந்தக் கணக்கில்தான். ஒரு நாளில் ஒரு லுங்கியும் ஒவ்வோர் இழையாகத்தான் வளர்கிறது. இதை நெசவாளர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

'வாரம் ஒரு புத்தகம்' பயமுறுத்தினால், 'ராத்திரி படுக்கும் முன் இரண்டு பக்கம்' என்று ஆரம்பிக்கலாம். வருஷக் கடைசியில் 730 பக்கம். அது இரண்டு, மூன்று புத்தகம்!

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு...

சென்னையிலிருந்து திருத்தணி சுமார் 85 கி.மீ. அரக்கோணம் வழியாக ரயிலும், திருவள்ளூர் வழியாக பஸ்ஸும் உண்டு. முதியவர்கள் இருந்தால் வாகனத்திலேயே மலைமேல் போகலாம். படியேற முடிந்தவர்கள் அடிவாரத்தில் சரவணப் பொய்கையைப் பார்த்துவிட்டுக் காலை வெயிலுக்கு முன் ஏறிவிடுவது நல்லது. டிசம்பர் 31, ஆடிக்கிருத்திகை நாட்களில் நெரிசல் அதிகம். கைக்குழந்தையோடு போகிறவர்கள் வேறு நாளைத் தேர்ந்தெடுக்கலாம். கூடுதலாக ஒரு நாள் இருந்தால் 1,305 படிகள் கொண்ட சோளிங்கர் யோக நரசிம்மர் மலை (2024 முதல் ரோப் கார் ஓடுகிறது), சச்சிதானந்த சுவாமிகள் வாழ்ந்து சமாதியான வள்ளிமலை, அங்குள்ள பழைமையான சமணச் சிற்பங்கள் என்று நீட்டிக்கலாம். பொதட்டூர்பேட்டைக்கும் ஒரு நடை போய்வாருங்கள். தறி ஓடும் வீட்டில் கேட்டுக்கொண்டு உள்ளே போனால், தாங்கள் உடுத்தும் துணி எப்படி உருவாகிறது என்பதைப் பிள்ளைகள் நேரிலேயே பார்க்கலாம்.

படியேறும்போது பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். 'இது ஸ்கூல் திறந்த நாள், இது தாத்தா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாள், இது நான் சைக்கிள் கத்துக்கிட்ட நாள்' என்று படிக்குப் படி ஒரு நினைவு வரும். மறக்க நினைத்த நாட்களும் வரும். அவற்றையும் ஏறித்தான் மேலே போக வேண்டும்.

கூடவே, 'லீப் வருஷத்துக்கு 366 நாள் ஆச்சே, ஒரு படி குறையுதே?' என்று ஏதாவது ஒரு வாண்டு நிச்சயம் கேட்கும். அந்த ஒரு நாளைத்தான் குடும்பத்தோடு மலையில் கழிக்க எடுத்து வைத்திருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள்!