லீவு போடாத ஊழியன்

வேப்பனப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் காலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கினால், பாதி வழியிலேயே என் கை 'ஆளை விடு சாமி' என்று கெஞ்சும். நெஞ்சுக்குள் இருப்பதும் தசைதான். தினமும் லட்சம் தடவை சுருங்குகிறது. அது மட்டும் ஏன் மரத்துப் போவதில்லை?

கைத்தசை ஒரு அப்பாவி. நரம்பு அடுத்தடுத்து உத்தரவு போட்டால் இறுகியே கிடக்கும். இதயத்தசை யூனியன் ஆள்! ஒருமுறை துடித்ததும் சுமார் கால் விநாடிக்கு எந்த உத்தரவையும் வாங்காது. தளர ஆரம்பித்த பிறகுதான் அடுத்த வேலை.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால், ஒன்றுக்கு சுமார் 0.8 விநாடி. கீழறைகள் சுருங்குவது 0.3, மிச்சம் 0.5 ஓய்வு. ஆக, 24 மணி நேரத்தில் 9 மணி வேலை, 15 மணி ரெஸ்ட்!

இதயம் தன் சொந்தச் சாப்பாட்டுக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்வதும் அந்த ஓய்வில்தான். துடிப்பு எகிறும்போது அதிகம் வெட்டு விழுவது வேலை நேரத்தில் அல்ல, அந்த 0.5-இல். ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கு அங்கேதான் வம்பு.

ஓசூரில் டபுள் ஷிப்ட் பார்க்கும் தம்பிகளே, ஆயுசு முழுக்க லீவே போடாதவன்கூட இடையிடையே கொஞ்சம் உட்கார்ந்துதான் எழுந்திருக்கிறான்!