வாசல்ல வழுக்கி விழுந்தவர்

1/ விறகு வெட்டப் போறவங்களும், "வந்து வெட்டிக்கோ"ன்னு சொல்ற நிலத்துக்காரங்களும் படிக்க வேண்டிய த்ரெட். இதுல என் தப்பும் கொஞ்சம் இருக்கு.

2/ திருவண்ணாமலை பக்கத்துல ஒரு கிராமம். ஐம்பது வயசிருக்கும். நைட் ட்யூட்டியில ஷேர் ஆட்டோவுல மடக்கிப் போட்டுக் கொண்டு வந்தாங்க. "எப்படி அடிபட்டுச்சு?"

"வீட்டு வாசல்ல வழுக்கி விழுந்துட்டேன் சார்."

முதுகெலும்பு உடைஞ்சிருந்தது. ரெண்டு காலும் அசையல.

3/ தலைமுடியில மரப்பட்டைத் தூள், சட்டை பூரா சருகு. வாசல்ல விழுந்தா இது எப்படி வரும்? ஆனா வெளியே பத்து பேர் காத்திருந்தாங்க. அவர் சொன்னதை மட்டும் ஏ.ஆர்.ல (விபத்துப் பதிவேடு) எழுதிட்டு நகர்ந்துட்டேன்.

4/ ரெண்டு மாசம் கழிச்சு அவர் மனைவி வந்தாங்க. பக்கத்து நிலத்துக்காரர் "பட்டுப்போன வேப்பமரம், வெட்டி விறகை நீயே எடுத்துக்கோ"ன்னாராம். காசு பேசல, விறகுதான் கூலி. விழுந்ததும், "என் பேரைச் சொல்லாதே, செலவை நான் பாத்துக்கறேன்." பாத்துக்கல.

5/ "அந்த ஒரு வரியை மட்டும் மாத்திக் குடுங்க சார்."

மாத்த முடியாது. போலீஸ்ல உண்மையைச் சொல்லி வாக்குமூலம் குடுங்கன்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது.

6/ 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தோட பட்டியல்லயே பனையேறுறதும் மரம் வெட்டுறதும் இருந்துச்சு. விறகையே கூலியா வாங்கினவர் தொழிலாளியா, இல்ல தனக்காக வெட்டினவரா? வக்கீல்கள் வாதாடலாம். ஆனா அந்த வாதத்துக்கு முதல் பேப்பரே "வாசல்ல விழுந்தார்"னு சொன்னா?

7/ முதலமைச்சர் காப்பீட்டுல ஆபரேஷன் பண்ணிடலாம். நின்னுபோன வருமானத்துக்கு அதுல வழி இல்ல.

8/ நிலத்துக்காரங்களே, கிளை உளுத்திருக்கா, மேல கரண்ட் கம்பி போகுதான்னு முதல்லயே சொல்லிடுங்க. "இலவசமாத்தானே விட்டேன்"னு சொன்னா பொறுப்பு போயிடாது.

வெட்டப் போறவங்களே, தனியா போகாதீங்க. உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்துல பதிஞ்சு வைங்க. யாராவது மரத்துல இருந்து விழுந்தா கை காலைப் பிடிச்சுத் தூக்காதீங்க. அசைக்காம அப்படியே படுக்க விடுங்க, 108 கூப்பிடுங்க.

முக்கியமா, டாக்டர்கிட்ட நடந்ததை நடந்தபடி சொல்லுங்க.

9/ இப்பெல்லாம் கூட வந்தவங்களை வெளியே அனுப்பிட்டு ரெண்டாவது தடவை கேக்கறேன். அப்பவும் "வாசல்ல வழுக்கிட்டேன்"னா அதையும் எழுதறேன், சட்டையில ஒட்டியிருக்கற சருகையும் சேர்த்து எழுதறேன். அன்னைக்கு அதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.