கணக்கும் மனமும்

பணி ஓய்வுக்கு ஐந்து மாதங்களே இருந்தன. 2024 மார்கழியின் ஒரு காலை, நானும் என் மனைவியும் ஒரு பழைய கணக்குப் புத்தகத்தின் முன் அமர்ந்திருந்தோம். திருவானைக்காவில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. 2003ஆம் ஆண்டு, வங்கி தந்த வீட்டுக் கடனும் அவளுடைய நான்கு வளையல்களும் சேர்ந்து, ஆறரை லட்சத்துக்கு வாங்கியது. நாங்கள் குடியிருப்பது திருவரங்கத்தில், தந்தையார் வைத்துவிட்டுப் போன வீட்டில். ஆனைக்கா வீட்டை விற்பதா, வைத்திருப்பதா என்பதுதான் கேள்வி.

37 ஆண்டுகள் பிறர் பணத்தை எண்ணியவன் நான். எத்தனையோ வாடிக்கையாளர்களுக்கு யோசனை சொல்லியிருக்கிறேன். என் கணக்கு என்று வந்தபோது பேனா நகரவில்லை.

எண்கள் என்னவோ தெளிவாகவே இருந்தன. மாத வாடகை 9,000. ஆண்டுக்கு 1,08,000. சொத்து வரி, மோட்டார்ப் பழுது, வெள்ளையடிப்பு என்று சராசரியாக 28,000 போக, கையில் நிற்பது 80,000. கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு 80 லட்சம் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆக, நூற்றுக்கு ஒரு ரூபாய்தான் வருமானம். முந்தைய ஆண்டு மனைவிக்கு நடந்த இருதய சிகிச்சையில் சேமிப்பின் பெரும்பகுதி கரைந்திருந்தது. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் ஆண்டுதோறும் ஏறுகிறது. பெங்களூரிலிருந்து மகன், “வித்துடுங்கப்பா, இனிமே எதுக்கு இந்த அலைச்சல்?” என்றான்.

மனைவி மட்டும் தயங்கினாள். “என்னங்க, பதினாலு வருஷமா அந்த வாத்தியார் ஒரு மாசம்கூட வாடகையைத் தள்ளிப் போட்டதில்லை. இந்த வயசுல அவங்க எங்கே போவாங்க?”

குடியிருந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வயது 74. அவர் மனைவிக்கு முழங்கால் வலி. ஆயினும் கோயில் அருகிலிருப்பதால் நாள் தவறாமல் உச்சிக்கால பூஜைக்குப் போய்விடுவார். அர்ச்சகர் புடவை உடுத்தி, அம்பாளாகவே வந்து ஈசனைப் பூஜிக்கும் அந்த வேளையைக் காணாவிட்டால் அந்த அம்மையாருக்குச் சோறு இறங்காது. வீட்டை ஒப்பந்தக்காரர் வாங்கினால் மறுமாதமே இடிப்பார். ‘விற்காமல் இருப்பதே தர்மம்’ என்று அன்று எனக்குத் தோன்றியது. வாடகையை நான் பல ஆண்டுகளாக ஏற்றாததையும் அந்தத் தர்மக் கணக்கில்தான் எழுதிவைத்திருந்தேன்.

எதுவானாலும் முதலில் அவரிடம் சொல்லிவிடுவோம் என்று தை மாதத்தில் ஒருநாள் நேரில் போனேன். காபி வந்தது. கூடத்தின் மூலையில் ஒரு பித்தளை அண்டா இருந்தது. அதன் மேலே கூரையில் பெரிய ஈரக்கறை. பூஜை அலமாரி இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

“அலமாரி எங்கே சார்?” என்றேன்.

அவர் சற்றுத் தயங்கினார். “மூணு மழைக்காலமா அங்கே ஒழுகுது சார். சாமி படங்களையெல்லாம் உள் அறைக்கு மாத்திட்டோம். நீங்க வாடகை ஏத்தாம வெச்சிருக்கீங்க, இதை வேற சொல்லணுமான்னுதான் விட்டுட்டேன்.”

என் தலை கவிழ்ந்தது. முழங்கால் ஒத்துழைக்காததால் நான் அந்த மாடிக்கு ஏறிப் பார்த்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வாடகை குறைவு என்ற எண்ணத்தில் பழுதுபார்ப்பையும் குறைத்திருக்கிறேன். கருணை என்று நான் எழுதிவைத்ததில் பாதி சோம்பல்.

திரும்பும் வழியில் கோயிலுக்குள் போனேன். திருநீற்றான் மதிலின் நிழலில் வெகுநேரம் அமர்ந்திருந்தேன். அம்மதிலைக் கட்டியவர்களுக்கு ஈசன் சித்தராக வந்து திருநீற்றையே கூலியாக அளித்தார் என்பதும், அது அவரவர் உழைப்புக்கேற்பப் பொன்னாயிற்று என்பதும் நாமறிந்த தலபுராணம். என் கைத் திருநீறு இன்று எவ்வளவு பொன்னாகும் என்று எண்ணிப் பார்த்தேன். பேணுவதற்கு உடம்பில் வலுவில்லாதபோது ஒரு வீட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது தர்மமாகாது என்பது அங்கே தெளிவாயிற்று.

முதல் வேலையாகக் கூரையைச் செப்பனிட்டோம். பிறகு விற்பது என்று முடிவு செய்தோம், ஒப்பந்தக்காரருக்கு அன்று. தாமே குடியிருக்க வீடு தேடிய ஒரு குடும்பத்துக்கு, நான்கு லட்சம் குறைத்து, 76 லட்சத்துக்குக் கொடுத்தோம். வாத்தியாருக்கு ஆறு மாத அவகாசம் வேண்டும் என்ற எங்கள் நிபந்தனையை அவர்கள் ஏற்றார்கள். முன்பணம் 50,000ஐப் பிடித்தம் ஏதுமின்றித் திருப்பித் தந்தேன். அடுத்த தெருவிலேயே படி ஏறத் தேவையில்லாத கீழ்த்தள வீடு அவருக்கு அமைந்தது. வாடகை 12,000. கூடுதல் 3,000ஐ ஓராண்டுக்கு நான் தருகிறேன் என்றேன். “வேண்டாம் சார், மனசு போதும்” என்று மறுத்துவிட்டார்.

என்னைப் போன்ற நிலையில் இருக்கும் அன்பர்களுக்கு அனுபவத்தில் சில சொல்வேன். வாடகையை மட்டும் பார்க்காமல் செலவு போக நிற்பதைக் கணக்கிடுங்கள். விற்றுவரும் ஆதாயத்தில் 50 லட்சம் வரை, ஆறு மாதங்களுக்குள் அரசு குறிப்பிட்ட பத்திரங்களில் இட்டால் மூலதன ஆதாய வரி விலக்கு உண்டு. ஆனால் ஐந்து ஆண்டுகளுக்கு அதில் கை வைக்க இயலாது. நாங்கள் அவ்வாறே செய்து, எஞ்சியதற்கு வரி செலுத்தினோம். 20 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இட்டோம். 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 41,000 வருகிறது. தணிக்கையாளரைக் கேளாமல் பத்திரப் பதிவுக்குப் போகாதீர்கள். பிள்ளைகள் நல்லவர்களே ஆயினும், முழுத் தொகையையும் அவர்களிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, அந்தக் கூரையின் கீழ் இருப்பவரிடம் முதலில் சொல்லுங்கள்.

செய்தது முழுதும் சரிதானா என்று சில இரவுகளில் இன்னமும் மனம் கேட்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை அகிலாண்டேசுவரி சந்நிதியில் அந்த அம்மையாரைக் கண்டேன். புது வீட்டில் பூஜை அலமாரி கிழக்குப் பார்த்து அமைந்திருக்கிறதாம்.

“ஒருநாள் அம்மாவையும் அழைச்சிட்டு வாங்க” என்றார். இந்த வாரம் போகிறோம்.