விட்ட இடத்திலிருந்து

இந்துக் கல்லூரி மலரில் பியானோவிற்கு என்ன வேலையென அன்பர் சிலர் வினவுதல் கூடும். கல்லூரியில் யாம் கேட்டுப் பழகியவை தேவாரப் பண்களே. பியானோவைப் புறத்தே ஓர் அம்மையாரிடம் பயின்று, லண்டன் ரோயல் இசைக் கல்லூரிகளின் தேர்வில் ஐந்தாந் தரம் வரை சென்றோம். பின்னர் உத்தியோகம், இடமாற்றம், குடும்பம் என 30 ஆண்டுகள் கழிந்தன.

நிந்தவூரில் குடியமர்ந்த பின்னரே பழைய ஆசை தலைதூக்கிற்று. கடற்காற்றில் உருக்குத் தந்திகள் துருவேறுமாதலின், தந்தியில்லா மின்பியானோ ஒன்றை 88 கட்டைகளுடன் வாங்கினோம். ஆசிரியர் கிட்டிலர், நூல்களை நாடினோம். அயலூராகிய காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், வழக்கொழிந்த யாழையே பழைய நூல்களைத் துணைக்கொண்டு ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்தாரன்றோ? எமக்கோ கருவியேனும் கண்முன் இருந்தது.

ஹனோன் 1873இல் வெளியிட்ட 60 பயிற்சிகளை மாணவர் பலர் அறிவர். விரலை உயரத் தூக்கி வாசிக்குமாறு அந்நூல் பணிக்கின்றது. மூட்டு இறுகிய வயதினருக்கு அது பொருந்தாதென்பது எமது துணிபு. இசைமேதை சூமானே 1830களின் தொடக்கத்தில் வலக்கை விரல் செயல்குன்றி மேடைக் கனவைக் கைவிட்டவர். செர்னியின் 599ஆம் எண் நூல் ஒழுங்கானது. ஆயினும் சுவை குறைவு.

எமக்குக் கைகொடுத்தது ஹங்கேரியரான பார்ட்டோக்கின் ‘மைக்ரோகாஸ்மோஸ்’. ஆறு பாகங்கள், 153 உருப்படிகள். முதலிரு பாகங்கள் அவர்தம் மைந்தன் பீட்டருக்கு உரித்தாக்கப்பட்டவை. தொடக்கத்தில் இரு கைகளும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கும். பின்னரே மெல்லப் பிரியும். வலக்கை ஓரளவு நினைவு வைத்திருந்தது. இடக்கை அனைத்தையும் மறந்திருந்தது. அதற்கு இதுவே தக்க மருந்து. எனினும் ஐந்தாந் தரத்தார் அரிச்சுவடி எடுப்பதென்றால் நாணம் வாராதா? இஷாத் தொழுகை முடிந்து வந்த அயல்வீட்டு ஹாஜியார் ஒருநாள் சற்றுநேரம் கேட்டிருந்துவிட்டு, “சேர், இது சின்னப் பிள்ளைகளின் பாடமல்லவா?” என்றார். “ஆம் ஹாஜியார், பிள்ளைக்கு வயது 58” என்றோம். அன்றுதொட்டு நாணமும் ஒருவாறு விலகிற்று.

இப்பொழுது பாக்கின் இருகுரல் ‘இன்வென்ஷன்’களுக்கு வந்துள்ளோம். அவற்றின் முதல் வடிவங்களுட் பல, 1720இல் தம் ஒன்பது வயது மூத்த மகனுக்கென அவர் தொடங்கிய பாடப் புத்தகத்தில் உள்ளன. முதலாவதைப் பாதி வேகத்தில் இறுதிவரை வாசிக்கின்றோம். இடக்கை நான்காம் விரல் மட்டும் இன்னும் சொற்கேட்பதில்லை.